கப்பல் கேபினில் சும்மா கிடைத்தவை: எதைத் தொட்டேன், எதைத் தள்ளி வைத்தேன்

மற்றவர்கள் ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்து வெளியே என்ன தெரிகிறது என்று பார்ப்பார்கள். நான் தலையணை உறையைப் புரட்டிப் பார்ப்பேன். 32 வருஷம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. அதில் கடைசி 7 வருஷம் லினன் ஸ்டோர், லாண்டரி, வார்டு சுத்தம் எல்லாம் என் தலையில்தான். "உன்கூட டூர் வர்றதும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றதும் ஒண்ணுதான்" என்பார் வீட்டுக்காரர்.

எங்கள் 40ஆவது கல்யாண நாளுக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான். மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப 4 இரவு. நாங்கள் இரண்டு பேரும் பால்கனி வைத்த ஒரு கேபினில். மகன், மருமகள், பேத்தி பக்கத்துக் கேபினில். கப்பலின் பெயர் வேண்டாம். சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி ஆட்டம் பாட்டம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கேபினுக்குள் இலவசம் என்று வைத்திருந்த சாமான்களைப் பற்றி மட்டும். இலவசம் என்றால் டிக்கெட் காசிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். போதாததற்கு டிப்ஸ் என்று தினமும் தலைக்கு ஒரு தொகை தனியாகக் கணக்கில் ஏறுகிறது. அதனால் குறை சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படுக்கை. விரிப்பு அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. மூலை மடிப்பு அஞ்சல் உறை மாதிரி, 45 டிகிரியில், இழுத்தால் கழன்றுவராத மடிப்பு. எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டிருக்கிறேன். போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் ஓரத்தையும், தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் பார்த்தேன். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தடயம் விட்டிருக்கும். ஒன்றுமில்லை. தலையணையில் ஒரு முடி கிடையாது. டவல்களும் அப்படியே: கனமானவை, நன்றாக நீர் உறிஞ்சுபவை, ஓரத்தில் நூல் பிரியாதவை. தினம் இரண்டு வேளை மாற்றினார்கள். தரையில் போட்டால் மாற்று, கம்பியில் தொங்கவிட்டால் மாற்ற வேண்டாம் என்று கணக்கு.

ஆனால் அது இரட்டைக் கட்டில் இல்லை. இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டது. முதல் ராத்திரி இவர் புரண்டு நடுவில் வந்து, "யாரோ இங்க வாய்க்கா வெட்டி வச்சிருக்காங்க" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்கு அது ஆகாது. காலையில் கேபின் பையனிடம் சொன்னேன். மதியம் வந்து பார்த்தால் மேலே ஒரு தடித்த பஞ்சுப் பாய் விரித்து, வாய்க்காலைத் தூர்த்திருந்தான். காசு கிடையாது. கூடுதல் தலையணை, கனத்த ரஜாய்க்குப் பதில் மெல்லிய போர்வை, இதெல்லாமும் கேட்டால் உண்டு. கேட்டால்தான் உண்டு. அறையில் வைத்திருக்கிற புத்தகத்தில் ஸ்பாவுக்கு நாலு பக்கம், இதற்கு ஒரு வரி இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் அழகுக்கு ஒரு பட்டைத் துணி குறுக்கே கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கூடவே இரண்டு கலர் குஷன். வெள்ளைத் துணி எல்லாம் ஆள் மாறும்போது லாண்டரிக்குப் போகும், சரி. இந்தப் பட்டை எப்போது போகும்? பையனிடமே கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு லினன் ஸ்டோரில் நன்றாகத் தெரியும். ஊர் சுற்றி வந்தவர்கள் எல்லாம் செருப்புக் காலோடு சாய்வது அதன் மேல்தான். அதையும் குஷனையும் சுருட்டி அலமாரி மேல்தட்டில் போட்டேன். அவன் அதைக் கடைசி நாள் வரை திரும்ப எடுத்துப் போடவில்லை.

இப்போது பாத்ரோப் கதை. அலமாரியில் இரண்டு வெள்ளை அங்கி தொங்கியது, நெய்த கட்டம் போட்ட துணி, இடுப்புக்கயிறு அழகாக முடிந்து. "எடுத்துச் சென்றால் உங்கள் கணக்கில் சேர்க்கப்படும்" என்று ஒரு அட்டை. குளித்துவிட்டு வந்து ஒன்றை மாட்டிக்கொண்டு பையில் கையை விட்டேன். நாலாக மடித்த ஒரு டிஷ்யூ பேப்பர். விரித்தால் நடுவில் பவளக் கலரில் உதட்டுச் சாயம்.

யாரோ மறந்தது, துவைக்கும்போது எடுக்கத் தவறிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்ல முடியாது. சட்டைப் பையில் பேப்பரை மறந்துவிட்டு மெஷினில் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். திப்பி திப்பியாக உதிர்ந்து எல்லாத் துணியிலும் ஒட்டும். இது இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதாவது அந்த அங்கி தண்ணீரையே பார்க்கவில்லை. முந்தின பயணத்துப் பெண்மணி ஒரு தடவை போட்டுத் தொங்கவிட்டதை, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று கயிற்றை மட்டும் அழகாக முடிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன் செய்தேன். கால்மணி நேரத்தில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். பேப்பரை அவர் கையில் கொடுத்தேன். முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்த புது ஜோடியும் ஒரு தட்டுப் பழமும் வந்தன. நான் பிறகு அதைத் தொடவில்லை. இவர் மட்டும் நாலு நாளும் காலையில் பால்கனியில் ஜமீன்தார் மாதிரி அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அத்தை, மாமாவை போட்டோ எடுத்து குரூப்ல போடட்டுமா?" என்று மருமகள் கேட்டாள். போடு என்றேன். கப்பலோ ஓட்டலோ, தொங்கவிட்ட அங்கியை அப்படியே போடாதீர்கள். முதலில் பையில் கைவிட்டுப் பாருங்கள், கழுத்துப்பட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கேதான் பவுடரும் மேக்கப்பும் ஒட்டும்.

செருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறை பிரிக்காதது, சுத்தம். அவ்வளவுதான் அதன் பெருமை. ஒரே அளவு. இவருக்குக் குதிகால் ரெண்டு அங்குலம் வெளியே. எனக்கு முன்னால் காற்று. அடிப்பகுதி கல்யாண அழைப்பிதழ் அட்டை கனம்கூட இல்லை. கம்பளத்தில் நடக்கச் சரி. பாத்ரூம் ஈரத்தில் கால் வைத்தால் ஐஸ் மேல் நிற்கிற மாதிரி வழுக்குகிறது. கப்பல் பாத்ரூமில் தண்ணீர் வெளியே வராதபடி வாசலில் கொஞ்சம் உயரமாகப் படி வைத்திருப்பார்கள். இந்தச் செருப்பு, அந்தப் படி, ஆடுகிற கப்பல், 68 வயது மனுஷர். நல்லவேளை, கட்டைவிரல் நகத்தோடு போயிற்று. வீட்டிலிருந்து ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள்.

பாத்ரூம் சின்னது. ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். கண்ணாடிக் கதவு இல்லை, திரைச்சீலைதான். வெந்நீரைத் திறந்ததும் அந்தத் திரை உள்ளே வீசி வந்து ஈரமாக முதுகில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை பேர் முதுகில் ஒட்டியதோ என்று நினைத்தால் குளியலே ஓடாது. நான் அடிஓரத்தைத்தான் பார்த்தேன். பூஞ்சைக் கறை அங்கேதான் பிடிக்கும். கறை இல்லை, பளிச்சென்று இருந்தது. சரி என்று சோப்பு போட்டு ஒரு தடவை கழுவிவிட்டுக் குளித்தேன்.

சோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் குட்டி பாட்டில்கள் வைப்பார்கள், ஊருக்கு எடுத்துவரலாம். இப்போது சுவரில் பெரிய டப்பா, அமுக்கினால் வருகிறது. பிளாஸ்டிக் குப்பை குறையும், நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. காலியாகாத சோப்பு டப்பாவில் மேலே மேலே ஊற்றி நிரப்புவதை நான் வார்டில் அனுமதித்ததே இல்லை. அடியில் தங்கிய பழசில் கிருமி வளரும். கை கழுவப் போய்க் கிருமியைப் பூசிக்கொண்டு வருவோம். காலியான பிறகு கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பையையே மாற்ற வேண்டும். இங்கே எப்படி என்று டப்பாவைத் திறந்து பார்க்க முயன்றேன். பூட்டியிருந்தது. உள்ளே மாற்றுகிற பைதான் என்று பையன் சொன்னான். நம்பினேன். ஆனாலும் முகத்துக்கு என் மைசூர் சாண்டல்தான்.

டாய்லெட் விமானத்தில் இருப்பது போன்றது. அமுக்கினால் புலி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு லிட்டர் அளவு தண்ணீரில் வேலை முடிந்துவிடும். பேத்தி முதல் நாள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "அப்பத்தா, அது இழுக்குது!" ஆனால் நம் மக்களுக்குப் பிரச்சினை சத்தம் இல்லை. பக்கத்தில் ஹெல்த் ஃபாசெட் இல்லை. காகிதம்தான். 20 வகை பாட்டிலும் டப்பாவும் இலவசமாக வைக்கிறவர்கள், பாதிப் பயணிகள் ஆசியாக்காரர்களாக இருக்கிற கப்பலில் ஒரு குழாயை வைக்கவில்லை. இதை நான் பெரிய குறையாகவே எழுதுகிறேன். வயசானவர்களுக்கு, மூலம் இருப்பவர்களுக்கு, மாதவிலக்கு நாளில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது சொகுசு இல்லை. மக் எடுத்து வைக்க மறந்தது என் தப்பு. பினாங்கில் இறங்கியதும் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அடுத்தபடியாக லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் நீலக் கலர் பிளாஸ்டிக் மக் வாங்கினேன். 4 ரிங்கிட். கப்பலில் திரும்ப ஏறும்போது ஸ்கேன் மெஷினில் இருந்த ஆள் அதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.

கெட்டில் ஒன்று இருந்தது. கொண்டுபோக அனுமதி இல்லாத சாமான். தீப்பிடிக்கும் பயத்தில் பல கப்பல்களில் பயணிகளின் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் இவர்கள் கெட்டிலே கதி. பக்கத்தில் இரண்டு டீ பை, இரண்டு காபி, பால்பொடி, சர்க்கரை. மூடியைத் திறந்தேன். நூடுல்ஸ் மசாலா வாசனை. வெள்ளை டிஷ்யூவால் உள்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன், இளஞ்சிவப்பாக எண்ணெய். கொதிக்கவைத்தால் கிருமி போய்விடும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இவருடைய காலைக் காபி கோழி மசாலா வாசத்தில் வந்தால் அந்த நாள் எனக்கு விடியாது. எலுமிச்சைத் துண்டை பஃபேயிலிருந்து எடுத்துவந்து போட்டு இரண்டு தடவை கொதிக்கவைத்துக் கொட்டினேன். மூன்றாவது தடவை நாம் கொண்டுபோன காபிப்பொடி.

தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். மேசையில் அழகாக நிற்கிற பாட்டில்களின் கழுத்தில் விலைச்சீட்டு தொங்கும், கவனம். குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததுதான். கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ ஆர்.ஓ. செய்தோ நன்னீராக்கி, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். லேசாகக் குளோரின் வாசம் வந்தது. மூக்கைச் சுளிக்க வேண்டாம், அந்த வாசம் இருப்பதே எனக்கு நிம்மதி. ஐஸ் வாளியை மட்டும் நான் தொடவில்லை. குமட்டல் எடுத்த மனுஷர் அவசரத்துக்கு முதலில் கையில் தூக்குவது எதை என்று வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. கப்பல்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது நோரோ வைரஸ். 1968இல் அமெரிக்காவின் நோர்வாக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாந்திபேதி வந்தது. அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்த பெயர் இது. மிகக் கொஞ்சம் துகள் உள்ளே போனாலே போதும், 12லிருந்து 48 மணி நேரத்தில் வாந்தி ஆரம்பிக்கும். கைப்பிடி, ரிமோட், லைட் சுவிட்சில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் ஜனங்கள் கொரோனா காலத்துப் பழக்கத்தில் பஃபே வாசலில் சானிடைசர் இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டு தட்டை எடுத்துவிடுகிறார்கள். கொரோனாவுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் பட்டால் உடையும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, ஆல்கஹாலுக்கு அது சரியாக மசியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வழி, 20 வினாடி. கேபினில் இலவசமாக வைத்திருக்கிறவற்றில் விலை மதிக்க முடியாதது அந்தக் கைகழுவும் சோப்புதான். பாத்ரோப்புக்கு ஆசைப்படுகிற யாரும் அதை போட்டோ எடுப்பதில்லை.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகிற பெரிய கப்பல்களுக்கு அந்த நாட்டு நோய்த்தடுப்பு நிறுவனமான சிடிசி மார்க் போடுகிறது. 1970களிலிருந்து நடக்கிற திட்டம். சொல்லாமல் கொள்ளாமல் ஏறிப் பார்ப்பார்கள். 100க்கு 86 எடுத்தால் பாஸ், 85 என்றால் பெயில். எந்தக் கப்பலில் என்ன அழுக்கு என்று வரிவரியாக இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதுவும் வெளியே வரும். மகன் காட்டியபோது ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்தேன், அவ்வளவு சுவாரசியம். நாங்கள் போன கப்பல் இந்தப் பக்கமே சுற்றுவது, அதனால் அதற்கு அந்த மார்க் கிடையாது. என் மார்க்தான்.

அந்த மார்க்கை நான் போட்டது கேபின் பையன் வேலை செய்ததைப் பார்த்து. இந்தோனேசியக்காரன், முப்பது வயது இருக்கும். சுத்தம் செய்யும்போது வெளியே போகாமல் பால்கனியில் நின்று கவனித்தேன். கண்ணாடிக்கு ஒரு கலர்த் துணி, டாய்லெட்டுக்கு வேறு கலர், கலக்கவில்லை. குடிக்கிற கிளாஸ்களை இங்கேயே துடைத்து வைக்காமல், எடுத்துப்போய் வேறு கழுவியதை வைத்தான். இதுவரை முழு மார்க். பிறகு டாய்லெட்டைத் தேய்த்த அதே கையுறையோடு வந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தான், ரிமோட்டை எடுத்து நேராக வைத்தான்.

"தம்பி" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். கையுறையைக் காட்டி, ரிமோட்டைக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டான். கழற்றிப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து ரிமோட்டைத் துடைத்தான். கையுறை போட்டுக்கொண்டால் போட்டவர் கைதான் சுத்தமாக இருக்கும், தொடுகிற இடம் அல்ல. இதைப் படித்த டாக்டர்களுக்கே நான் சொல்லியிருக்கிறேன். அவனைக் குறை சொல்ல மனசில்லை. ஒரு நாளைக்கு இருபது கேபினுக்குப் பக்கம் என்றான். அத்தனை அறைக்கு அத்தனை ஜோடி கையுறை மாற்ற அவனுக்கு நேரம் யார் கொடுத்தார்கள்? கேபினுக்குள் போனதும் ரிமோட், சுவிட்ச், கைப்பிடி, கெட்டில் பிடி நாலையும் நீங்களே ஒரு தடவை துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

சாயங்காலம் டவலில் யானை செய்து கட்டிலில் வைப்பான். பேத்திக்கு அதுதான் கப்பலே. துதிக்கை, காது, ஒட்டவைத்த கண் எல்லாம் அழகுதான். நான் அந்த யானையால் முகம் துடைப்பதில்லை. அவ்வளவு நேரம் கையால் பிசைந்த டவல்.

புக்கெட்டிலிருந்து படகில் திரும்பி வந்த அன்று பாத்ரூமுக்குள் போனால் என் நீல மக்கைக் காணோம். தேடினால், வாஷ்பேசினுக்கு அடியில், டாய்லெட்டுக்குக் கை எட்டுகிற தூரத்தில், மடித்த கால்மிதியின் மேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். கிளாஸ் தட்டில் வைக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. மறுநாள் கேட்டேன். "காயுங்" என்று சிரித்தான். அவன் ஊரில் மக்குக்கு அதுதான் பெயராம். அவர்கள் வீட்டிலும் அதேதான். பிலிப்பைன்ஸ் பையன்களும் வைத்திருக்கிறார்களாம், அவர்கள் அதைத் தாபோ என்பார்களாம். ஊழியர்கள் தங்குகிற கீழ்த் தளத்தில் ஆளுக்கு ஒன்று உண்டு என்றான். பயணிகள் தளத்தில்தான் இல்லை.

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் விரிப்புக்கும் டவலுக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். பாத்ரோப்புக்கு மூன்று, செருப்புக்கு இரண்டு. "வேறு ஏதேனும்" என்ற கட்டத்தில் ஹெல்த் ஃபாசெட் என்று மகனை விட்டுப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். மக்கைப் பெட்டியில் வைக்கப் போனபோது பையன் கை நீட்டி, இதை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டான். அடுத்த நடையில் யாராவது இந்தியக் குடும்பம் கேட்டால் கொடுப்பானாம். கொடுத்தேன். குளோரின் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம் கொடு என்று மகனை விட்டு இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். தலையாட்டினான். செய்தானோ என்னவோ.